பிள்ளைகளுக்குத் தொழில் தெரிந்தெடுத்தல்: நிலமுடையோர் சிந்தனைக்கு

ஆண்டுதோறும் பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவுகள் வெளிவந்தவுடனே நம் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி எழுகின்றது. பையனை எதில் சேர்ப்பது என்பதே அக்கேள்வி. விதை நெல் வாங்குமுன் நான்கு பேரை விசாரித்து, மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்து, சென்ற போகத்தின் மகசூலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நம்மவர், இந்தக் கேள்விக்கு மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளை எதில் சேர்ந்தான் என்பதைக் கொண்டே விடை சொல்லிவிடுகின்றனர். விதை தவறினால் ஒரு போகம் நஷ்டம். அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். தொழில் தவறினாலோ ஒரு மனிதனுடைய முப்பது நாற்பது வருஷத்து உழைப்பு மனத்துக்கு ஒவ்வாத இடத்திலே கழிகின்றது. அவனுக்கு நேரும் அந்த நஷ்டம் அவன் குடும்பத்துக்கும், அவன் விட்டுச் சென்ற நிலத்துக்கும் சேர்ந்தே நேருகின்றது. ஆகையால் இவ்விஷயம் விவசாய சஞ்சிகையில் ஆராயத் தக்கதன்று என்று எவரும் எண்ணலாகாது.

முற்காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. தகப்பன் செய்த தொழிலை மகன் செய்தான். கிராம உத்தியோகங்களும் அவ்வாறே வழிவழியாக வந்தன. முன்சீப் மகன் முன்சீபாகவும், கர்ணம் மகன் கர்ணமாகவும் ஆவது வழக்கமாயிருந்தது. 1980ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் அப்பதவிகளை எடுத்துவிட்டுப் பரீட்சையின் வாயிலாக கிராம நிர்வாக அலுவலரை நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அது நியாயமான மாறுதலே. பிறப்பைக் கொண்டு வேலையை நிர்ணயிப்பது தகுதியுடையவனுக்குக் கதவை அடைப்பதுடன், தகுதியற்றவனையும் அவன் விரும்பாத ஆசனத்தில் கட்டிவைப்பதாகும். எனினும் கட்டு அவிழ்ந்த பிறகு ஒரு பொறுப்பு புதிதாக வந்து சேர்ந்தது. இன்ன தொழில் என்று பிறப்பு சொல்லாதபோது, அதைச் சிந்தித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பிள்ளைகளும் பெற்றோருமே. அந்தச் சிந்தனையை நாம் இன்னும் பழகவில்லை. பழைய கட்டுக்குப் பதிலாக, அரசாங்க உத்தியோகம் ஒன்றே கௌரவம் என்னும் புதிய கட்டை நாமே போட்டுக்கொண்டோம்.

அதன் பலனைக் கணக்கிலே பாருங்கள். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பம் செய்தவர்களோ சுமார் 22 லட்சம் பேர். அதாவது ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். பிற்பாடு இடங்கள் பதினாயிரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டபோதிலும், இருநூறு பேரில் ஒருவருக்கே வேலை கிடைக்கக்கூடும் என்ற நிலைமை மாறவில்லை. உத்தியோகத்தை இழிவாகச் சொல்வது என் கருத்தன்று. பட்டாவையும் அடங்கலையும் நேர்மையாகப் பராமரிக்கும் ஒரு கிராம அலுவலர் நூறு குடும்பங்களின் வழக்கைத் தடுக்கிறார். அதைக்காட்டிலும் பயனுள்ள வேலை சிலவே உண்டு. நான் வருந்துவது, மீதமுள்ளவர்களைப் பற்றியே. இருபத்தொரு வயதில் புத்தகத்தை எடுத்தவன், வேறெதையும் கற்காமல், வேறெதையும் தொடாமல், முப்பது வயது வரையில் பரீட்சைக்குப் பரீட்சை காத்திருக்கிறான். அந்த ஒன்பது வருஷமும் கையில் ஒரு வித்தையும் ஏறாமல் போகின்றது. பரீட்சை எழுதுவோர் எழுதட்டும். இத்தனை வருஷம், இத்தனை தடவை என்று முன்னதாகவே ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அக்காலத்திலும் ஏதேனும் ஒரு தொழிலில் கை வைத்திருக்கட்டும் என்பதே என் யோசனை.

இனி, மனத்துக்கு நிறைவு தரும் தொழில் என்பது எது? "எனக்குப் பிரியமான வேலை எது என்று தெரியவில்லை" என்று பல இளைஞர்கள் சொல்லக் கேட்கிறோம். பிரியம் முன்னே வரும், வேலை பின்னே வரும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். என் அபிப்பிராயத்தில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கின்றது. ஒரு வேலையில் கை தேறத் தேறப் பிரியம் வளர்கின்றது. நாற்று நட்ட அன்றே கதிர் தெரிவதில்லை. அதனால் நட்டது பயிரல்ல என்று எவரும் பிடுங்கி எறிவதில்லை.

வர்கீஸ் குரியன் அவர்களின் சரித்திரத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1921ல் கள்ளிக்கோட்டையில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்தவர் அவர். சர்க்காரின் உதவிச் சம்பளம் பால்பண்ணை இயந்திரவியல் கற்பதற்கென்று கிடைத்தது; அத்துறையில் அவருக்கு யாதொரு பற்றும் இருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து திரும்பியதும், பெற்ற உதவிக்கு ஈடாகச் சேவை செய்ய வேண்டுமென்ற நிபந்தனையின்பேரில், 1949ல் குஜராத்தின் ஆனந்த் என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். எப்போது விடுதலை கிடைக்குமென்று நாள் எண்ணியிருந்தவர் அவர். அவ்வூரில் 1946ல் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் குடியானவர்கள் தொடங்கியிருந்த பால் உற்பத்தியாளர் சங்கம், பழுதுபட்ட இயந்திரங்களோடு தவித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு உதவி செய்யப் போனவர், தமக்குத் தெரிந்த வித்தை ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் பிழைப்புக்கு வேண்டியிருப்பதைக் கண்டார், அங்கேயே தங்கிவிட்டார். 1965ல் தேசிய பால்வள அபிவிருத்தி வாரியமும், 1970ல் வெண்மைப் புரட்சி எனப்படும் திட்டமும் அங்கிருந்தே கிளைத்தன. பிரியம் அவரை ஆனந்துக்கு அழைத்துச் செல்லவில்லை; ஆனந்தில் செய்த வேலைதான் பிரியத்தைத் தந்தது.

நம் கும்பகோணத்தில் 1925ல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அவர்களின் வழி வேறு. வைத்தியர் குடும்பத்துப் பிள்ளை; வைத்தியராகவே வரக்கூடுமென்று எதிர்பார்க்கப்பட்டவர். 1943ஆம் வருஷத்து வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்த செய்தி அவர் மனத்தை மாற்றியது. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் போலீஸ் உத்தியோகத்துக்கான தேர்விலும் வெற்றி பெற்றார். அதை ஒதுக்கிவிட்டுப் பயிரினப் பெருக்க ஆராய்ச்சிக்காக ஹாலந்து தேசம் சென்றார். 2023ல் அவர் காலமாகும் வரையில் அந்தத் துறையை விடவில்லை. ஊருக்கு எது குறைவாயிருக்கின்றது என்று பார்த்து, அக்குறையை நிரப்பும் வேலையைத் தமதாக்கிக்கொண்டது அவர் வழி.

இதெல்லாம் பெரும் படிப்புப் படித்தவர்களுக்கே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நெல் ஜெயராமன் என்று பேர்பெற்றவர் கல்லூரிப் பட்டம் கொண்டு அப்பேரை அடைந்தவரல்லர். மறைந்துகொண்டிருந்த பாரம்பரிய நெல் இரகங்களைத் தேடியெடுத்து, குடியானவர்களுக்குக் கொடுத்து, அவர்களிடமிருந்து பெருக்கி வாங்கி, மறுபடியும் பிறருக்குக் கொடுத்தார். 2006 முதல் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். 2018ல் அவர் மறைந்தபோது, 174 இரகங்களை மீட்டவர் என்று நாடு அவரைக் கொண்டாடியது. ஒரு பொருளை மற்ற யாவரினும் நன்றாக அறிந்தவன் என்ற திருப்தி, எந்தச் சம்பளத்துக்கும் குறைந்ததன்று.

இம்மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது, நிறைவு தரும் தொழிலுக்கு மூன்று இலக்கணங்கள் புலப்படுகின்றன. செய்யச் செய்ய வித்தை வளர வேண்டும். செய்யும் விதத்தைத் தீர்மானிக்கும் உரிமை ஓரளவேனும் செய்பவனுக்கு இருக்க வேண்டும். செய்ததன் பிரயோஜனம் பிறருக்கு உண்டென்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இவற்றோடு குடும்பம் நடத்தப் போதிய வருமானமும் வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறியலாம். வருமானம் போதாத இடத்தில் மற்ற மூன்றும் நீடித்து நில்லா.

இந்த இலக்கணங்களை வைத்து விவசாயத்தை அளந்து பார்ப்போம். நிலத்தின் சொந்தக்காரருக்கு இவை யாவும் உள்ளன. மண்ணும் மழையும் சந்தையும் ஆண்டுக்காண்டு புதிய பாடம் கற்பிக்கின்றன. எதை, எப்போது, எவ்வளவு பயிரிடுவது என்பது அவர் தீர்மானம். விளைந்தது உணவு, அதன் பயனைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் அவருடைய மகனுக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. இதுவே நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். தகப்பனுக்கு அறுபது வயது, மகனுக்கு முப்பது. இரகத்தைத் தெரிந்தெடுப்பவர் தகப்பன். வியாபாரியிடம் விலை பேசுபவர் தகப்பன். பெட்டிச் சாவி தகப்பன் இடுப்பில். மகன் மடை திறக்கவும், உரமூட்டை இறக்கவும், கூலி ஆட்களை அழைத்துவரவும் வேண்டும். கைச்செலவுக்குக் காசு வேண்டுமானால் கேட்டு வாங்க வேண்டும். திருப்பூரிலோ சென்னையிலோ மாதம் பிறந்தால் தன் கையில் சம்பளம் வாங்கும் நண்பனை அவன் பார்க்கிறான். அவன் நிலத்தை வெறுத்து ஓடுகிறான் என்று நாம் குறைகூறுகிறோம். அவன் நிலத்தை விட்டு ஓடவில்லை. சம்பளமும் சுதந்திரமும் அற்ற வேலையை விட்டு ஓடுகிறான். அப்படிப்பட்ட வேலை எந்த ஆபீஸில் இருந்தாலும் அதையும் விட்டு ஓடத்தான் செய்வான்.

இதற்குப் பரிகாரம் நம் கையிலேயே இருக்கின்றது. பதினெட்டு, இருபது வயதான பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், விருப்பம் சிறிதேனும் காணப்பட்டால், ஓர் ஏக்கரை, அது முடியாதவர்கள் ஐம்பது சென்டை, மூன்று வருஷத்துக்குத் தனியாக ஒப்படைத்துவிடுங்கள். கடைக்கோடி உவர் நிலத்தையன்று. தண்ணீர் வசதியுள்ள நடுத்தர நிலத்தை. முதற்போகச் செலவைக் கடனாகக் கொடுங்கள். என்ன பயிர், எந்த இரகம், யாரிடம் விற்பது என்பவற்றை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கட்டும். கேட்டால் யோசனை சொல்லுங்கள். கேளாதபோது வரப்பில் நின்று குறை சொல்லாதிருங்கள். விளைந்த லாபம் பிள்ளையினுடையது. நஷ்டம் வந்தால் அதைக் கல்லூரிக் கட்டணம் கட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கு வருஷப் படிப்புக்கு லட்சக்கணக்கில் செலவிடத் தயங்காதவர்கள், ஓர் ஏக்கர் நெல்லில் வரக்கூடிய நஷ்டத்துக்கு அஞ்சுவது பொருந்தாது.

ஒரே ஒரு நிபந்தனை வேண்டும்: கணக்கு எழுத வேண்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லி நாம் கணக்குப் பாராமலே இருந்துவிட்டோம். மிஞ்சாது என்பது உண்மையானால், எங்கே போயிற்று என்பதை அறிவதற்காகவே கணக்கு வேண்டும். உழவுக் கூலி, விதை, நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை ஆகியவற்றோடு, வீட்டார் உழைத்த நாட்களையும் அந்நிலத்துக்கு ஊரில் வழங்கும் குத்தகையையும் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வாறு எழுதினால்தான் லாபமென்று தோன்றுவது மெய்யான லாபமா, அன்றி வீட்டாரின் கூலியா என்பது விளங்கும்.

நிலத்தைப் பாதியாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் நல்லது. உதாரணமாக, ஒரு பாதியில் வழக்கம்போல் ஏக்கருக்கு 24 கிலோ என்ற கணக்கில் குறுகிய கால நெல் விதையிட்டு நடவு செய்யலாம். மற்றப் பாதியில் செம்மை நெல் சாகுபடி முறைப்படி ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில் நட்டு, கோனோவீடர் கொண்டு களையை மண்ணிலே அமுக்கலாம். இரண்டின் செலவும் மகசூலும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டால், அந்தப் பிள்ளை தன் வயலைப் பற்றித் தகப்பனுக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்கிறான். வித்தையில் ருசி பிறப்பது அங்கேதான். மூன்று வருஷம் கழிந்தபின் அவன் "இது எனக்கு ஏற்றதன்று" என்று சொன்னால், அதுவும் ஒரு லாபமே. அவனை மனக்கசப்பின்றி அனுப்பிவைக்கலாம். பிற்காலத்தில் நிலத்தை நினைத்து அவனும் ஏங்கான், நீங்களும் ஏங்கமாட்டீர்கள்.

எல்லாப் பிள்ளைகளும் உழவுக்கே திரும்ப வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அது கணக்குக்கும் ஒவ்வாது. விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 1970-71ல் 1.45 ஹெக்டேராக இருந்தது, 2015-16ல் 0.75 ஹெக்டேராகக் குறைந்தது. அதாவது மூன்றரை ஏக்கராக இருந்தது இரண்டு ஏக்கருக்கும் கீழே வந்துவிட்டது. இந்த நிலத்தை மேலும் இரண்டாகப் பிரித்து இரண்டு குடும்பங்கள் நெல்லை மட்டும் நம்பி வாழ்வது அசாத்தியம். ஆகையால் பிள்ளைகளில் எவருக்கு நிலத்தில் மெய்யான நாட்டமும் திறமையும் உண்டோ அவர் உழட்டும். மற்றவர் வேறு தொழிலுக்குச் செல்லட்டும். சென்றவர் தம் பங்கைத் தரிசாகப் போட்டு விலையேற்றத்துக்குக் காத்திராமல், உழுகிறவருக்கே எழுத்து மூலமான குத்தகைக்கு விடட்டும். நம் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. கெட்டிக்காரப் பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பி, படிப்பு ஏறாதவனை நிலத்தில் நிறுத்துகிறோம். பிறகு நிலம் முன்னேறவில்லை என்று அங்கலாய்க்கிறோம்.

வேறு தொழில் என்றால் நிலத்தை அடியோடு மறந்த தொழிலாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. விதை உற்பத்தி, நாற்றுப்பண்ணை, சொட்டுநீர்ப் பாசனக் குழாய் அமைத்தலும் பழுது பார்த்தலும், டிராக்டர், அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு ஓட்டுதல், கால்நடை வைத்தியம், பால் பரிசோதனை, சிறுதானியங்களைச் சுத்தம் செய்து மாவாக்கி விற்றல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் கணக்கு நிர்வாகம் என்று எத்தனையோ உள. இவற்றில் பல, கிராமத்தில் ஆளில்லாமையால் வெளியூராரை எதிர்பார்த்து நிற்பவை. பம்புசெட்டு நின்றுபோய்ப் பயிர் வாடும்போது, அதைச் சரிசெய்யத் தெரிந்தவனுக்கு ஊரில் இருக்கும் மதிப்பு யாவரும் அறிந்ததே.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1989 முதலே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபாகம் சட்டத்தால் ஏற்பட்டது. 2005ல் அது தேசம் முழுமைக்கும் சட்டமாயிற்று. நடவும் களையெடுப்பும் கறவையும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கின்றன. விவசாயக் கல்லூரிகளிலும் பெண்கள் பெருந்தொகையினராகப் பயில்கின்றனர். ஆயினும் பண்ணையை யாரிடம் ஒப்படைப்பது என்ற பேச்சு வரும்போது மகளை நாம் எண்ணுவதேயில்லை. தகுதியுள்ளவர் வீட்டிலேயே இருக்க, இல்லாத மகனை நினைத்து வருந்துவதில் என்ன பயன்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது என்னவென்பதை நான் அறிவேன். விவசாயம் செய்யும் பையனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை என்பர். மெய்தான். ஆனால் பெண் கொடுக்க மறுப்பவர்கள் யார்? அவர்களும் நிலமுடைய நம்மவர்களே. தம் மகன் ஊரில் தங்கவில்லை என்று வருந்தும் அதே மிராசுதார், தம் மகளுக்கு வரன் தேடும்போது மாதச் சம்பளக்காரனையே தேடுகிறார். இந்தக் கஷ்டத்தை எந்த இலாகாவும் உத்தரவு போட்டுத் தீர்க்க முடியாது. ஓர் ஏக்கரின் மூன்று வருஷக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் இளைஞன் வந்தால், அவன் சம்பளச் சீட்டைக் கேளாமல் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது என்று நாம் வழக்கப்படுத்திக்கொண்டால், பாதி தீரும்.

மழையும் விலையும் நிச்சயமில்லை என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் இல்லாத நிலத்தையும், வட்டி ஏறிய கடனையும் வைத்துக்கொண்டு பிள்ளையை உழவில் நிறுத்துவது தருமமன்று. அத்தகைய குடும்பம் முதலில் வேறு வருமானம் தேடுவதே விவேகம். நான் பேசுவது, கிணறும் வாய்க்காலும் உள்ள நிலத்தை, ஆளில்லை என்ற ஒரே காரணத்தால் மனை பிரித்து விற்கும் குடும்பங்களைக் குறித்தே.

கிராம உத்தியோகஸ்தர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். 1868ல் சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, பின்பு கோயம்புத்தூர்க் கல்லூரியாகி, 1971ல் பல்கலைக்கழகமாக உயர்ந்த ஸ்தாபனம், பட்டப் படிப்போடு இரண்டு வருஷப் பட்டயப் படிப்பும் நடத்துகின்றது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல் புதுச்சேரியில் ஏற்பட்டது. இன்று அத்தகைய நிலையங்கள் மாவட்டங்கள் தோறும் குறுகிய காலப் பயிற்சி அளிக்கின்றன. இச்செய்தி பரீட்சை முடிவு வெளிவரும் வாரத்தில் பள்ளிக்கூடத்திலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். நிலத்தை மெய்யாகச் சாகுபடி செய்பவர் மகனோ மகளோ குத்தகைதாரரோ, அவர் பெயர் அடங்கலில் சரிவர ஏற வேண்டும். பயிர்க் கடனும் இன்ஷூரன்சும் அவரைச் சேர்வது அதைப் பொறுத்தது. பெயரில்லாத உழைப்பில் எவருக்கும் நிறைவு உண்டாகாது.

ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் பிள்ளைகளை ஒரு மாலை உட்காரவைத்து, நிலத்தின் வரவுசெலவையும் கடனையும் ஒளிக்காமல் எடுத்துச் சொல்லி, அவரவர் எண்ணத்தைக் கேட்டறிய வேண்டும். போகிறேன் என்பவனுக்கு எல்லை வகுத்த காலமும் பணமும் கொடுங்கள். இருக்கிறேன் என்பவனுக்கு ஓர் ஏக்கரும், ஒரு கணக்குப் புத்தகமும், அதில் தன் பெயரை எழுதிக்கொள்ளும் உரிமையும் கொடுங்கள்.